தோட்டாக் கூட்டை எந்த அளவுக்கு நம்பலாம்?

.30-06 ரைஃபிள் தோட்டா சுடப்படும்போது துப்பாக்கியின் அறைக்குள் எழும் அழுத்தத்துக்கு அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் வைத்திருக்கும் உச்ச வரம்பு, சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு. நம் கார் டயரில் அடைக்கும் காற்று 30 பவுண்டைச் சுற்றித்தான். இவ்வளவு பெரிய விசையை, சொந்தமாகத் தோட்டா நிரப்புகிறவர்கள் அளவுகருவி இல்லாமலேயே கணிக்கிறார்கள். சுட்டபின் வெளியே வரும் பித்தளைக் கூட்டை எடுத்து, மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் தட்டையாகிவிட்டதா, கூட்டின் அடியில் பளபளப்பான தழும்பு விழுந்திருக்கிறதா, போல்ட்டைத் தூக்கக் கை திணறியதா என்று பார்க்கிறார்கள். இவை பொய்யான அறிகுறிகள் அல்ல. ஆனால் காலம் கடந்து வருபவை. சில துப்பாக்கிகளில் வராமலே போகக்கூடியவை. அடையாளம் தெரியும்வரை மருந்தைக் கூட்டிக்கொண்டே போவதுதான் இந்தத் தொழிலில் மிகப் பெரிய அபாயம் என்பேன்.

காரணம் எளிது. அடையாளம் காட்டுவது பித்தளை. அழுத்தத்தைத் தாங்க வேண்டியது துப்பாக்கியின் எஃகு. பித்தளை இளகித் தழும்பு காட்டத் தொடங்குவது பெரும்பாலும் 65,000 பவுண்டைத் தாண்டிய பிறகுதான். சம்பாவத் புலியைக் கொன்றதற்காக 1907-இல் ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாக வந்த .275 ரிக்பி ரகத்துக்கோ வரம்பு 51,000; .303-க்கு 49,000. அப்படிப்பட்ட பழைய துப்பாக்கியில் தோட்டா வரம்பைப் பெரிதும் மீறியிருக்கும்போதும் கூடு சுத்தமாகவே வெளியே வரலாம். பிரைமரோ இன்னும் குழப்பமான சாட்சி. மென்மையான உலோகத்தில் செய்த பிரைமர் சரியான அழுத்தத்திலேயே தட்டையாகும். அறையில் தோட்டாவுக்குப் பின்னால் இடைவெளி கூடிப்போன துப்பாக்கியில், பிரைமர் முதலில் பின்னுக்குத் தள்ளப்பட்டு, பிறகு கூடு பின்னால் வந்து மோதும்போது நசுங்கும். மிதமான அழுத்தம்கூட அங்கே மிகை அழுத்தம் போலத் தோன்றும்.

டெல்லி வாசகர்கள் கூடுதலாக எண்ணிப் பார்க்க வேண்டியது வெயிலை. மருந்து சூடாக இருந்தால் வேகமாக எரியும், அழுத்தம் ஏறும். 1889-இல் ஏபெலும் டூவரும் கண்டுபிடித்த கார்டைட்டில் பாதிக்கு மேல் நைட்ரோகிளிசரின். நீலகிரியின் அருவங்காட்டில் அந்த மருந்துக்கென்றே எழுந்த தொழிற்சாலை நூறாண்டுகளைக் கடந்தும் நிற்கிறது. இங்கிலாந்துக் குளிரில் ஒழுங்காக இருந்த கார்டைட் தோட்டாக்கள் இந்திய, ஆப்பிரிக்க வெயிலில் மிஞ்சின. கூடு அறையில் இறுகிக்கொண்டது. அதனால் கைனாக் போன்ற நிறுவனங்கள் வெப்ப நாடுகளுக்கென்று மருந்தைக் குறைத்துத் தனித் தோட்டாக்கள் செய்தன. யானை வேட்டைத் துப்பாக்கிகளின் கூடுகள் அத்தனை பெரிதாக இருந்ததற்கு, அழுத்தத்தைத் தாழ்வாக வைக்கும் தேவையும் ஒரு காரணம். இன்றைய மருந்துகள் பல வெப்பத்தை மேலாகத் தாங்குகின்றன என்பது உண்மையே. ஆயினும் ஜனவரிப் பனியில் உச்ச வரம்பை ஒட்டிச் சோதித்த தோட்டாவை, மே மாதம் 45 டிகிரி வெயிலில் நின்ற காரிலிருந்து எடுத்துத் துக்ளகாபாத் களத்தில் சுட்டால், அது பழைய தோட்டாவாக நடந்துகொள்ளாது.

“எங்கள் பெரியவர்கள் பிரைமரைப் பார்த்தே காலம் தள்ளினார்களே” என்பார்கள். தள்ளினார்கள், அவர்களில் பெரும்பாலோர் வரம்புக்கு வெகு கீழே நின்று சுட்டவர்கள். அடையாளம் காப்பாற்றவில்லை, அடக்கம் காப்பாற்றியது. நம்பத் தகுந்த சாட்சி வேறு இருக்கிறது: வேகமானி. அதே குழல் நீளத்துக்குக் கையேடு சொல்லும் வேகத்தைத் தாண்டி ரவை பறந்தால், அந்த மிகை வேகம் பெரும்பாலும் மிகை அழுத்தத்திலிருந்தே வந்திருக்கும். பிறகுதான் காரணத்தைத் தேட வேண்டும். கூட்டின் கழுத்து நீண்டு ரவையை நெரிக்கிறதா? ரவை குழலின் வரிகளைத் தொட்டபடி உட்கார்ந்திருக்கிறதா? தடித்த ராணுவக் கூட்டுக்கு மாறியதால் உள்ளிடம் குறைந்ததா? தராசு பிசகியதா? ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தால்தான் விடை கிடைக்கும். இரண்டை மாற்றினால் எது குற்றவாளி என்று ஒருபோதும் தெரியாது.

1972-இன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் வேட்டையே இல்லாத நாட்டில் இந்தப் பேச்சு எதற்கு என்று கேட்கலாம். உரிமம் பெற்ற .315 துப்பாக்கிகள், பரம்பரையாக வந்த ரைஃபிள்கள், களத்தில் பயிலும் வீரர்கள் இன்றும் இருக்கிறார்கள்; பயிரை அழிக்கும் நீல்காயையும் காட்டுப்பன்றியையும் சுட பீகாரில் 2015-இல் அரசே வழிவிட்டது. ஆனால் ஒன்று உறுதி: 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி உரிமம் இல்லாமல் தோட்டா செய்வது குற்றம், தோட்டாவின் பாகங்களும் அதைச் செய்யும் கருவிகளும்கூட அந்தச் சட்டத்தின் வரையறைக்குள் வருகின்றன. துப்பாக்கி வைத்திருக்க உரிமம் இருப்பது போதாது. ஆலைத் தோட்டாவையே சுடுகிறவருக்கும் ஒரு விதி உண்டு: போல்ட் திணறினால் அடுத்த தோட்டாவை ஏற்றாதீர்கள். அந்தத் தொகுதியில் மிச்சம் இருப்பதை ஒதுக்கிவையுங்கள். துப்பாக்கியைத் தேர்ந்த ஆயுதப் பழுதுபார்ப்பவரிடம் காட்டிய பிறகே மறுபடி கையில் எடுங்கள்.