‘அத்திரிபாச்சா’ கதை: சிறார்க்கான மறுகூறலில் நகையும் அடியும்

மாமியார் வீட்டில் கொழுக்கட்டை உண்ட மருமகன் ஒருவன், அதன் பெயரை மறவாதிருக்க வழிநெடுகச் சொல்லிக்கொண்டே ஊர் திரும்புகிறான். குறுக்கிட்ட வாய்க்காலைத் தாண்டும்போது ‘அத்திரிபாச்சா’ என்று கூவுகிறான். பழைய சொல் அகன்று புதுச்சொல் நாவில் ஒட்டிக்கொள்கிறது. வீடு சேர்ந்ததும் அத்திரிபாச்சா செய்து தருமாறு மனைவியைக் கேட்கிறான். அப்படியொரு பண்டம் அறியேன் என்றவளை அடிக்கிறான். அவளது வீங்கிய நெற்றியைக் கண்டவர் கொழுக்கட்டை போல வீங்கிவிட்டதே என்று இரங்க, தான் கேட்டதும் அதைத்தான் என்கிறான். தமிழகத்தில் பரவலாக வழங்கும் இக்கதை, ஆர்னே–தாம்சன்–ஊத்தர் கதைவகை அடைவில் 1687 என்னும் எண் பெற்ற ‘மறந்த சொல்’ வகையைச் சார்ந்தது.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கையும் நகைக்கு நிலைக்களன்களாகக் கூறுகிறது. பிறர் கொளுத்தக் கொண்டு, கொண்டதை விடாமை என மடனுக்கு உரைமரபு தரும் விளக்கம் இம்மருமகனுக்கு அப்படியே பொருந்தும். சொற்களை அன்றாடம் புதிதாகக் கற்று, அவற்றைத் தவறவிட்டும் வரும் குழந்தைக்கு, வளர்ந்த ஒருவன் ஒரு சொல்லைத் தொலைப்பது பெருங்களிப்பைத் தருகிறது. சொல்பவர் ‘அத்திரிபாச்சா’ என்னுமிடத்தில் கேட்கும் குழந்தையும் சேர்ந்து குதிக்கும். (வாய்க்காலைக் காணாத நகரக் குழந்தைக்குத் தெருவில் தேங்கிய மழைநீரே போதும்.)

சிக்கல் அடியில்தான் உள்ளது. அதுவரை மருமகனை நோக்கியிருந்த சிரிப்பு, அவ்விடத்தில் அடிபட்டவளின் வீக்கத்தை நோக்கித் திரும்புகிறது. மடனில் பிறந்த நகை எள்ளலாகிவிடுகிறது. அடிக்கு எவரும் பொறுப்பேற்காமலே கதை முடிகிறது. பழங்கதை என்பதால் அப்படியே சொல்லலாம் என்னும் வாதம் ஐந்து வயதுக் குழந்தையின் முன் நிற்காது.

எனினும் அடியை நீக்குவதால் மட்டும் மறுகூறல் அமைந்துவிடாது. மனைவியே ‘கொழுக்கட்டையா?’ என்று ஊகித்துச் சொல்வதாக மாற்றினால் கதை சப்பென்று போய்விடும். தேடிய சொல்லைத் தருபவர், தாம் தருவதை அறியாமலே தரவேண்டும். கதையின் பொறி அதுவே. பெயர் மறந்த ஈயின் கதையிலும் இதே பொறி இயங்குகிறது. கன்று, பசு, ஆயன், கோல், மரம் எனத் தொடராகக் கேட்டுச் செல்லும் ஈக்கு, இறுதியில் குதிரையின் கனைப்பொலியே ‘ஈ’ என்று ஒலித்துப் பெயரைத் திருப்பித் தருகிறது. அங்கு அடிபடுபவர் எவருமில்லை.

கொழுக்கட்டைக் கதையில் வீக்கம் இடம்மாறினால் போதும். அத்திரிபாச்சா எங்கே என்று கேட்டுக்கொண்டே அடுக்களைக்குள் பாயும் மருமகன், தாழ்ந்த நிலைப்படியில் தானே முட்டிக்கொள்ளட்டும். அவன் நெற்றியைப் பார்த்து மனைவி சொல்லும் உவமையில் சொல் மீள்கிறது. உவமையும் பொறியும் குலையவில்லை, வீக்கமும் உரியவனிடமே சேர்கிறது. அடுக்களையில் மாவு பிசையும் வேலை மட்டும் இன்னும் அவளிடமே இருக்கிறது.