பிரசாவுரிமைக்கும் ஒரு வரவு செலவுக் கணக்கு

கலியாணத்துக்குக் கணக்கெழுதுகின்றோம், வீடு கட்டுவதற்குக் கணக்கெழுதுகின்றோம், பிள்ளையின் மேற்படிப்புக்கு அவன் ஐந்தாம் வகுப்பில் இருக்கும்போதே கணக்கெழுதத் தொடங்குகின்றோம். ஆயினும், பிறநாடு சென்று வாழும் ஒருவர் அந்நாட்டின் பிரசை ஆவதற்கு என்ன செலவாகும் என்பதை முன்கூட்டியே எழுதி வைத்த குடும்பத்தை நாம் அரிதாகவே கண்டிருக்கின்றோம். விண்ணப்பம் செய்யும் வேளை வந்த பின்னரே கையிருப்பைப் பார்க்கின்றனர். அது போதாதென்று கண்டதும், "முதலில் ஒருவர் விண்ணப்பிப்போம், மற்றவர்கள் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று முடிவு செய்கின்றனர். அந்தப் "பிறகு" சில வீடுகளில் வருவதே இல்லை.

இப்பொருள்பற்றி எழுத எம்மைத் தூண்டியது ஒரு கடிதம். எம்மிடம் கற்ற மாணவர் ஒருவர் கனடாவில் ரொறன்ரோ நகரை அடுத்து வாழ்கின்றார். நிரந்தர வதிவுரிமை பெற்று மனைவியோடும், இரு பிள்ளைகளோடும், தாயாரோடும் குடியேறியவர். "ஐயா, இப்போது என்பெயரிலும் பிள்ளைகள் பெயரிலும் மட்டும் பிரசாவுரிமைக்கு விண்ணப்பிக்கப்போகின்றேன். அம்மாவும் மனைவியும் வீட்டோடு இருப்பவர்கள்தாமே. அவர்களுக்கு அவசரம் இல்லை. தாங்கள் என்ன நினைக்கின்றீர்கள்?" என்று எழுதியிருந்தார். அவருக்கு எழுதிய மறுமொழியையே சிறிது விரித்து இங்கே தருகின்றோம். வெளிநாட்டில் உறவினரில்லாத வீடு நம்மிடையே குறைவாதலின், இது பலருக்கும் பயன்படும் என்பது எமது நம்பிக்கை.

முதலில் கட்டணத்தை நோக்குவோம். கனடாவில் வயது வந்தவர் ஒருவர் செலுத்தும் தொகை இரு கூறுகளை உடையது. விண்ணப்பத்தைப் பரிசீலிப்பதற்கான கட்டணம் 530 டொலர். பிரசாவுரிமை பெறும் உரிமைக் கட்டணம் 2026 மார்ச் 31 முதல் 123 டொலர். ஆக 653 டொலர். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைக்கு 100 டொலர். விண்ணப்பம் மறுக்கப்படின் உரிமைக் கட்டணம் திருப்பித் தரப்படும். பரிசீலனைக் கட்டணம் திரும்பி வாராது. ஆதலின் அவசரப்பட்டுக் குறைபாடுள்ள விண்ணப்பத்தை அனுப்புவோர் ஏமாற்றத்தோடு பண நட்டத்தையும் அடைய நேரிடும்.

எம் மாணவரின் குடும்பத்தில் வயது வந்தோர் மூவர், பிள்ளைகள் இருவர். மூவருக்கு 1,959 டொலர், இருவருக்கு 200 டொலர். மொத்தம் 2,159 டொலர். ஒரே நாளில் இத்தொகையைக் கேட்டால் மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால் விண்ணப்பிப்பதற்கு முன்னுள்ள ஐந்து ஆண்டுகளில் 1,095 நாள் கனடாவில் வாழ்ந்திருத்தல் வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். 1,095 நாள் என்பது மூன்று ஆண்டு, அதாவது முப்பத்தாறு மாதம். குடியேறிய முதல் மாதத்திலிருந்தே மாதம் 60 டொலர் ஒதுக்கிவைப்பின், முப்பத்தாறாம் மாத முடிவில் 2,160 டொலர் கையில் இருக்கும். அரசாங்கம் காத்திருக்கச் சொல்லும் காலமே நமக்குச் சேமிக்கும் காலமாகவும் அமைந்துவிடுகின்றது. இதனை அறியாதார் அம்மூன்றாண்டையும் வீணே கழித்துவிட்டு, இறுதியில் வட்டிக்குக் கடன் வாங்குகின்றனர்.

கட்டணத்தோடு கணக்கு முடிந்துவிடுவதில்லை. கலியாணச் செலவில் தாலிக்கும் கூறைக்கும் அப்பால் சில்லறைச் செலவுகள் பெருகுவதுபோல, இங்கும் சிறு செலவுகள் பல உள. பதினெட்டு முதல் ஐம்பத்து நான்கு வயது வரையுள்ளோர் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ கேட்கவும் பேசவும் வல்லவர் என்பதற்குச் சான்று காட்டுதல் வேண்டும். அம்மொழிகளில் ஒன்றன் வாயிலாக இடைநிலைக் கல்வியோ உயர்கல்வியோ பெற்றவர்க்கு அச்சான்றிதழே போதும். ஏனையோர் தனியார் மொழிப் பரீட்சை ஒன்றுக்கு அமர்ந்தால் இருநூறு டொலருக்கு மேல் செலவாகலாம். ஆயினும் புதிதாகக் குடியேறியோருக்கு அரசாங்கச் செலவில் இலவச மொழி வகுப்புகள் நடைபெறுகின்றன. அவற்றில் உரிய தரத்தை எய்திப் பெறும் சான்றிதழும் ஏற்கப்படுகின்றது. வீட்டிலிருக்கும் மனைவியை இரண்டாம் ஆண்டிலேயே அவ்வகுப்புக்கு அனுப்பும் கணவன் பரீட்சைப் பணத்தை மிச்சம் பிடிப்பதோடு, கடைக்கும் மருத்துவரிடமும் தனியே சென்று பேசவல்ல துணைவியையும் பெறுகின்றான்.

அவ்வயதினர் நாட்டறிவுப் பரீட்சை ஒன்றையும் எழுதுதல் வேண்டும். வினாக்கள் இருபது, பதினைந்துக்குச் சரியான விடை தருவோர் சித்தியடைவர். அதற்குரிய பாடநூலை அரசாங்கமே இலவசமாக வழங்குகின்றது. விண்ணப்பப் படிவமும் இலவசமே. ஆகவே, படிவம் நிரப்பித் தருவதாகவும், பரீட்சைக்குப் பயிற்றுவதாகவும் கூறிப் பெருந்தொகை கேட்போரிடம் செல்லும் முன்னர், அவ்வேலையை நம் வீட்டில் பள்ளிக்கூடம் செல்லும் பிள்ளையால் செய்ய முடியாதா என்று சிந்தித்தல் நன்று. ஐம்பத்தைந்து வயதை எட்டியோருக்கு மொழிச் சான்றும் இல்லை, பரீட்சையும் இல்லை. கட்டணம் மட்டும் அவர்க்கும் உண்டு.

மேலும் நிழற்படம், தமிழிலோ சிங்களத்திலோ உள்ள பத்திரங்களை மொழிபெயர்த்தல், நான்காண்டுக்குள் வேறொரு நாட்டில் தொடர்ந்து 183 நாளோ அதற்கு மேலோ தங்கியவராயின் அந்நாட்டுப் பொலிஸ் சான்றிதழ் ஆகியவற்றுக்கும் பணம் வேண்டும். பிரசை ஆன பின்னர்க் கடவுச்சீட்டுக்கு, பத்தாண்டுக்குச் செல்லுபடியாவதாயின், ஏறத்தாழ 160 டொலர் வேண்டும். பிள்ளைக்கு 60 டொலரளவு. இவையெல்லாம் சேர்ந்து இத்தகைய குடும்பத்துக்கு ஏறத்தாழ ஆயிரம் டொலர் ஆகலாம். ஆதலின் மாதம் 60 டொலர் என்பதை 90 டொலர் ஆக்கின், முப்பத்தாறு மாதத்தில் 3,240 டொலர் சேரும்; யாரிடமும் கைமாற்றுக் கேட்க வேண்டியதில்லை.

பணக் கணக்கோடு நாட்கணக்கும் உண்டு. தாயார் நல்லூர்த் திருவிழாவுக்கென்று ஊருக்கு வந்து நான்கு மாதம் தங்கிச் சென்றால், விமானச் சீட்டுக்குக் கொடுத்த பணத்தோடு ஏறத்தாழ 120 நாளையும் செலவழித்தவர் ஆகின்றார். வரக்கூடாது என்று நாம் சொல்லவில்லை. வந்த நாளையும் திரும்பிய நாளையும் ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். 1,095 நாள் நிரம்பிய அன்றே விண்ணப்பியாமல் சில வாரம் கூட்டி விண்ணப்பியுங்கள் என்றே சொல்கின்றோம். வருமான வரி விவரத்தையும் ஆண்டு தவறாமல் சமர்ப்பித்தல் வேண்டும். சமர்ப்பிக்கும் கடப்பாடு உடையோர் ஐந்தாண்டில் மூன்றாண்டுக்கேனும் அதனைச் செய்திருத்தல் நிபந்தனையாகும்.

இனி, "பிறகு பார்க்கலாம்" என்பதன் விலையைப் பார்ப்போம். 2014 பெப்ரவரிக்கு முன்னர் வயது வந்தவருக்கு மொத்தக் கட்டணம் 200 டொலராகவே இருந்தது. அம்மாதத்தில் பரிசீலனைக் கட்டணம் 100 டொலரிலிருந்து 300 ஆயிற்று. 2015 சனவரி முதலாந் திகதி 530 ஆயிற்று. மேற்கூறியது போன்ற ஐவர் கொண்ட குடும்பம் 2013 இல் 800 டொலரோடு காரியத்தை முடித்திருக்கும். ஈராண்டு தாமதித்தபோது 2,090 டொலர் கொடுக்க நேர்ந்திருக்கும். 2019 பொதுத் தேர்தலின்போது இக்கட்டணத்தை நீக்குவதாக லிபரல் கட்சி வாக்களித்தது. அதனை நம்பிக் காத்திருந்தோர் 2025 இலும் கட்டணம் செலுத்தவே நேர்ந்தது. பிறநாடுகளிலும் இது மலிவான காரியம் அன்று. 2025 ஏப்ரிலில் பிரித்தானியாவில் விழாக் கட்டணத்தோடு 1,735 பவுண். 2024 ஏப்ரிலிலிருந்து ஐக்கிய அமெரிக்காவில் இணைய வழி விண்ணப்பத்துக்கு 710 டொலர்.

இலங்கைச் சட்டத்தையும் மறத்தலாகாது. பரம்பரையால் இலங்கைப் பிரசையாயுள்ள ஒருவர் தாமாக விரும்பி வேறொரு நாட்டின் பிரசையாகும்போது, 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தின்படி இலங்கைப் பிரசாவுரிமையை இழக்கின்றார். இரட்டைப் பிரசாவுரிமைக்கு விண்ணப்பித்து அதனைத் தக்கவைக்கவோ மீண்டும் பெறவோ 1987 ஆம் ஆண்டுத் திருத்தம் வழி செய்தது. 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கக் காணிச் சட்டத்தின்படி வெளிநாட்டவர் பொதுவாக இங்கே காணி வாங்க இயலாது; இரட்டைப் பிரசைகளுக்கு அத்தடை இல்லை. நெருங்கிய உறவினரிடமிருந்து முதுசமாகவோ நன்கொடையாகவோ வருவதற்கும் விலக்கு உண்டு. முதுமையில் ஊர் திரும்பி ஒரு துண்டு நிலம் வாங்கி வாழலாம் என்று கனவு காண்போர், இரட்டைப் பிரசாவுரிமைக்கான செலவையும் அதே கொப்பியில் ஒரு வரியாக எழுதிவைத்தல் வேண்டும்.

பிரசாவுரிமையின் பெறுமதியை நாம் பிறநாட்டில் தேடிக் கற்க வேண்டியதில்லை. எமது மலைநாடே அதற்குச் சான்று. 1949 ஆம் ஆண்டின் இந்திய பாக்கிஸ்தானிய வதிவாளர் பிரசாவுரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பிப்பதற்கு 1951 ஆகஸ்ட் 5 வரையே அவகாசம் தரப்பட்டது. ஏறத்தாழ 237,000 விண்ணப்பங்கள் வாயிலாக எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் உரிமை கேட்டனர். கிடைத்தது ஏறத்தாழ 134,000 பேருக்கே. தோட்டத்து லயன்களில் வாழ்ந்தோர் தம் வதிவை நிறுவும் பத்திரங்களுக்கு எங்கே போவார்கள்? விசாரணைக்குப் போகும் நாளின் கூலியை யார் தருவார்கள்? எஞ்சியோர் பலரின் விதியை 1964 ஆம் ஆண்டு சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் எண்ணிக்கையாகப் பங்கிட்டது; ஒரே குடும்பத்தவர் கடலின் இருபுறமும் பிரிந்தனர். நாடற்றோராய் எஞ்சியவர்க்கு 2003 ஆம் ஆண்டின் சட்டமே வழிகாட்டியது. கனடாவிலுள்ள குடும்பத்தின் நிலை இத்தகையது அன்று. எனினும், ஒரே வீட்டில் சிலர் பிரசைகளாகவும் சிலர் அல்லாதோராகவும் இருப்பது எத்துணை இடருக்கு இடமாகும் என்பதை இவ்வரலாறு உணர்த்துகின்றது.

ஆகவே எம் மாணவருக்கு இவ்வாறு எழுதினோம்: "உம் கணக்கில் 853 டொலர் மட்டுமே இருப்பதாகத் தெரிகின்றது. அது உமக்கும் இரு பிள்ளைகளுக்கும் போதும். ஆனால் எஞ்சிய இருவரும் யார் என்று எண்ணிப்பாரும். வாக்குச்சீட்டு உமக்கு இருக்கும், உம் மனைவிக்கு இராது. உம் கடவுச்சீட்டை யாரும் நாட்கணக்குக் கேட்கமாட்டார்; அம்மாவோ நிரந்தர வதிவாளராகவே இருப்பாராயின், ஐந்தாண்டில் 730 நாள் அங்கே இருந்தமையைக் காட்ட வேண்டியவராவார். தம் சகோதரியின் நோய்ப் படுக்கையருகே இருக்க ஊருக்கு வந்தாலும் நாளை எண்ணியே இருப்பார். குறைவது 1,306 டொலர். மாதம் 110 டொலர் ஒதுக்கினால் பன்னிரண்டு மாதம். பிள்ளைகளுக்கு அவ்வோராண்டால் பெரு நட்டம் இல்லையாயின், காத்திருந்து ஐவரும் ஒன்றாகவே விண்ணப்பியும்."

மூன்று வாரத்தில் மறுமொழி வந்தது. "அம்மாவிடம் கேட்டேன், ஐயா. 'எனக்கேன் மகனே அவ்வளவு காசு' என்றார். ஆனால் அன்றிரவே தம் பிறப்புச் சான்றிதழைப் பெட்டியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்துவிட்டார்." இதற்கு மேல் நாம் விளக்கம் எழுத வேண்டியதில்லை.

இறுதியாக, இங்கே ஊரில் இருக்கும் எமக்கும் ஒரு கடமை உண்டு. வெளிநாட்டுப் பிள்ளையிடம் திருவிழாவுக்கும் மதிற்சுவருக்கும் பணம் கேட்கும் முன்னர், "உங்கள் விண்ணப்பப் பணம் சேர்ந்துவிட்டதா?" என்று ஒருமுறை கேட்போம். அவர்களுக்கு வேண்டிய பிறப்பு, விவாகப் பதிவுகளைக் கச்சேரியில் எடுத்து, பெயரெழுத்தில் வேறுபாடு இருப்பின் திருத்தி, மொழிபெயர்ப்பித்து அனுப்பிவைப்போம். ஐந்து பெயரும் ஒரே கடித உறையில் போகட்டும்.