தனியாக ஏழு நாள்

"தனியாவா?"

ரிஷிகேசத்தில் ஏழு நாள் யோகா முகாமுக்குப் போகிறேன் என்று சொன்னதும் எல்லோரும் கேட்டது இந்த ஒரு கேள்விதான். என் கணவர் கேட்டார். பெங்களூரிலிருந்து மகள் கேட்டாள். மலை மந்திரில் பார்த்த சிநேகிதி என்னை ஓரமாக அழைத்துப் போய், "வீட்டுல ஏதாவது மனஸ்தாபமா?" என்று விசாரித்தாள். 36 வருஷம் தில்லியில் குப்பை கொட்டியவள், 61 வயதில், ஒரு காலைப் பொழுதில் போய்ச் சேரக்கூடிய ஊருக்குத் தனியாகப் போவது இத்தனை பெரிய செய்தி என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

மனஸ்தாபமெல்லாம் ஒன்றுமில்லை. இவர் வந்தால் இவருடைய மாத்திரை டப்பா, வெந்நீர் பிளாஸ்க், காணாமல் போகும் மூக்குக்கண்ணாடி எல்லாம் கூடவே வரும். எனக்கு வேண்டியிருந்தது, யாரையும் கவனித்துக்கொள்ளாத ஏழு நாள்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். என் மாமியார் ஆறு வருஷம் படுத்த படுக்கையாக இருந்து சென்ற ஆண்டு காலமானார். படுக்கைப் புண் வராமல் இருக்க இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பகலில் உதவிக்கு ஒரு பெண் வந்தாள். ராத்திரி முழுக்க நானும் இவரும்தான், அதிலும் பெரும்பாலும் நான்தான். ஏதாவது வேண்டுமென்றால் அத்தை எவர்சில்வர் டம்ளரை ஸ்பூனால் தட்டுவார். அத்தை போய் ஒரு வருஷமாகியும் என் காதுக்கு அது தெரியவில்லை. இரவு இரண்டு மணிக்கு டம்ளர் சத்தம் கேட்டு எழுந்து உட்காருவேன். சோதனைகள் எல்லாம் செய்து பார்த்தாயிற்று. உடம்பில் கோளாறு எதுவுமில்லை, கொஞ்சம் ரத்த அழுத்தமும் இடது முழங்கால் வலியும் தவிர.

இடம் தேடுவதில் நான் கற்றுக்கொண்டது இது. நேரில் போன் செய்து பேசுங்கள். நல்ல இடமென்றால் பணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் உங்கள் உடம்பைப் பற்றிக் கேட்பார்கள். நான் பேசிய இரண்டு இடங்களில் வங்கிக் கணக்கு எண்தான் முதலில் வந்தது. மூன்றாவது இடத்தில் ஒரு பெண்மணி என்ன மருந்து சாப்பிடுகிறேன், எத்தனை மணிக்குத் தூங்குகிறேன், கடைசியாகத் தரையில் உட்கார்ந்தது எப்போது என்றெல்லாம் கேட்டார். அங்கேயே பதிவு செய்தேன்.

காலை சதாப்தியில் ஹரித்வார், அங்கிருந்து ஏறக்குறைய 25 கிலோமீட்டர். தனியாகப் போகிறவர்கள் வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருகிற வண்டியாகப் பாருங்கள். பெட்டியும் சிறியதாக இருக்கட்டும். சுவர்காசிரமம் இருக்கும் அக்கரையில் தங்குவதாயிருந்தால், கார் ராம் ஜூலாவோடு நின்றுவிடும், பிறகு பாலத்தின் மேல் நடைதான். 1986-இல் கட்டிய தொங்குபாலம் அது. காலடியில் கங்கை ஓட, பாலம் லேசாக ஆட, எதிரே பசுமாடு ஒன்று சாவகாசமாக நடந்து வர, ஒரு கையில் பெட்டியும் மறு கையில் பையுமாக நான் நின்ற கோலத்தைப் பார்க்க இவர் இல்லையே என்று அந்த ஒரு நிமிஷம் நினைத்தது உண்மை. பையில் பிஸ்கட் பொட்டலம் வெளியே தெரிந்தால் குரங்குகள் விடுவதில்லை என்பதையும் அங்கேயே தெரிந்துகொண்டேன்.

எங்கள் முகாமில் பதினான்கு பேர். விடியற்காலை 5 மணிக்கு மணி அடிப்பார்கள். மூச்சுப் பயிற்சி, ஆசனம், கஞ்சி, பிறகு மதியம்வரை மௌனம். காபி கிடையாது! இரண்டாம் நாள் தலை பிளந்தது. பழகிய காபியைத் திடீரென்று நிறுத்தினால் இப்படித்தான் வலிக்கும் என்று ஆசிரியை சொன்னார். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துவிடுங்கள். நம்மவர்களுக்கு இது சிரசாசனத்தைவிட முக்கியமான விஷயம்.

சிரசாசனம் என்றதும் நினைவு வருகிறது. எனக்கு அதில் ஆசை. ஆசிரியை கார்வாலைச் சேர்ந்த சின்னப் பெண், என் மகள் வயதுதான் இருக்கும். "ரத்த அழுத்தம் உள்ளவர்கள் தலைகீழாக நிற்கக் கூடாது மாதாஜி, மூச்சையும் அடக்கக் கூடாது" என்று முடித்துவிட்டார். முழங்காலுக்காக ஒரு நாற்காலி போட்டார். எனக்குக் கொடுத்த வேலை ஒன்றே ஒன்று. மூச்சை இழுக்கும் நேரத்தைவிட விடும் நேரம் நீளமாக இருக்க வேண்டும். நாலு எண்ணி இழு, ஆறு எண்ணி விடு. இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று முதலில் கோபம்கூட வந்தது.

அங்கேயும் முதல் இரண்டு இரவும் சரியாக இரண்டு மணிக்கு விழித்தேன். புரட்டிப் படுக்க வைக்க யாருமில்லை. ஜன்னலுக்கு வெளியே கங்கை இரைச்சல். எண்ணி எண்ணி மூச்சு விட்டுக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாம் நாள் மதியம் யோக நித்திரை. சுவாமி சிவானந்தரின் சீடரான சத்யானந்த சரஸ்வதி வகுத்த முறை இது. சவாசனத்தில் படுத்துக்கொண்டு, அவர்கள் சொல்லச் சொல்ல வலது கைக் கட்டைவிரலில் தொடங்கி மனத்தை அங்கம் அங்கமாகக் கொண்டு போக வேண்டும். தூங்கக் கூடாது என்பது நிபந்தனை. நான் மோதிர விரலைத் தாண்டவில்லை. கண் விழித்தபோது கூடம் காலி. யாரோ என் மேல் போர்வை போர்த்திவிட்டுப் போயிருந்தார்கள். ஆறு வருஷமாக நான் பிறருக்குப் போர்த்தியே பழக்கம். கொஞ்ச நேரம் அப்படியே படுத்திருந்தேன். அழுகையும் வந்தது.

மறுநாள் தனியாகவே பாலத்தைக் கடந்து சிவானந்த ஆசிரமத்துக்குப் போனேன். 1924-இல் ரிஷிகேசத்துக்கு வந்து துறவு பூண்டு, 1936-இல் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தை நிறுவியவர், அதற்கு முன் மலாயாவில் டாக்டராக இருந்தவர் என்பதெல்லாம் தெரிந்ததுதான். பிறந்தது பத்தமடையில் என்பது அந்தச் சமாதி மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும்போதுதான் மனதில் உறைத்தது. அத்தைக்குப் பக்கத்து ஊரான வீரவநல்லூர். அத்தையின் கல்யாணத்துக்குப் பெயர் போட்டு நெய்த பத்தமடைப் பாய் இன்னும் எங்கள் பரணில் இருக்கிறது.

அன்று மாலை படித்துறையில், பக்கத்து அறைக்காரரான நாக்பூர் அம்மாளிடம் ஒன்று சொன்னேன். அவர் ஓய்வுபெற்ற நர்ஸ். அதுவரை யாரிடமும், இவரிடமும் சொல்லாதது அது. அத்தை போன அந்த ஒரு ராத்திரி நான் எழுந்திருக்கவில்லை. அசந்து தூங்கிவிட்டேன். அவர் டம்ளரைத் தட்டினாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது.

அந்த அம்மாள் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. ஆறு வருஷமென்றால் எத்தனை ராத்திரி என்று விரல் விட்டுக் கணக்குப் போட்டார். "இரண்டாயிரத்து நூற்றுத் தொண்ணூறு. அதில் ஒன்று" என்றார். பிறகு ஆரத்தி பார்க்கலாம் வா என்று கையைப் பிடித்து எழுப்பினார்.

அதன் பிறகு இரண்டு மணிக்கு விழிக்கவே இல்லை என்று எழுத ஆசைதான். ஆறாம் நாள் ஒரே ஒரு இரவு மட்டும் மணி அடிக்கும்வரை தூங்கினேன்.

புது தில்லி ஸ்டேஷனுக்கு இவர் பிளாஸ்க்கில் காபியோடு வந்திருந்தார். டிகாக்ஷன் கழனித் தண்ணீர் மாதிரி இருந்தது. ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.

அன்றிரவு வழக்கம்போல் விழித்துக்கொண்டேன். கூடத்தில் விளக்கு எரிந்தது. இவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"தூங்கலையா?"

"ரெண்டு மணிக்கு எனக்கும் அந்தச் சத்தம் கேக்கும். நீ எழுந்து உக்காருவே, நான் தூங்கற மாதிரி படுத்திருப்பேன். இந்த ஒரு வாரம் நீ இல்லே, அதான் எழுந்து உக்காந்துட்டேன்" என்றார்.

அப்போதுதான் அந்த ராத்திரியைப் பற்றி இவரிடமும் சொன்னேன். விடியும்வரை பேசிக்கொண்டிருந்தோம்.

காலையில் ஆசிரமத்துக்குப் போன் செய்து நவம்பர் மாதத்துக்கு இடம் கேட்டேன். "இரண்டு பேருக்கா மாதாஜி?" என்றார் அதே பெண்மணி. ஒருவருக்குத்தான், இவருக்கு மட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.