பிரேம் கைமாறலாம், லென்ஸ் கைமாறக் கூடாது

கண்புரை அறுவைச் சிகிச்சைக்குப் பின் கனத்த கண்ணாடியின் தேவை நீங்கியவர்களின் வீடுகளில், ஒரு காலத்தில் பெரும் விலை கொடுத்து வாங்கிய பிரேம்கள் அலமாரியில் முடங்கிக் கிடப்பதுண்டு. லேசர் சிகிச்சையால் கிட்டப்பார்வை சரியானவர்களின் வீடுகளிலும் அவ்வாறே. இத்தகைய பெயர்பெற்ற நிறுவனங்களின் பிரேம்கள் இணையத்தின் வழியே மறுவிற்பனைக்கு வருகின்றன. புதிய பிரேமின் விலையில் ஒரு பகுதிக்கே கிடைப்பதால் பலரும் அவற்றை விரும்பி வாங்குகின்றனர். பிறர் அணிந்த கண்ணாடியை வாங்கி அணியலாமா, நம்முடைய பழைய கண்ணாடியை விற்கலாமா என்னும் இரு கேள்விகளுக்கு இக்கட்டுரை விடை கூறுகிறது.

சுருக்கமாகச் சொன்னால், நல்ல நிலையில் உள்ள பிரேமை வாங்குவதிலோ விற்பதிலோ மருத்துவ நோக்கில் தடை ஏதுமில்லை. ஆனால் அதில் பொருத்தப்பட்டிருக்கும் லென்ஸ், முந்தைய உரிமையாளரின் கண்ணுக்காக மட்டுமே செய்யப்பட்டது. அதை மற்றொருவர் அணிதல் கூடாது.

பவர் ஒன்றாக இருந்தாலும் ஏன் கூடாது?

"எனக்கும் மைனஸ் 6, அவருக்கும் மைனஸ் 6, அப்படியே அணிந்தால் என்ன?" என்று சிலர் எண்ணலாம். லென்ஸின் ஒளியியல் மையம் கண்மணிக்கு நேராக அமைய வேண்டும். இரு கண்மணிகளுக்கும் இடையே உள்ள தூரம் ஆளுக்கு ஆள் வேறுபடும். முந்தைய உரிமையாளருக்கு அத்தூரம் 68 மில்லிமீட்டர், உங்களுக்கு 62 மில்லிமீட்டர் எனக் கொள்வோம். அப்போது ஒவ்வொரு கண்ணிலும் மையம் 3 மில்லிமீட்டர், அதாவது 0.3 சென்டிமீட்டர் விலகுகிறது. இந்த விலகலைப் பவரால் பெருக்கினால் தேவையற்ற பட்டக விளைவின் அளவு கிடைக்கும். ஒரு கண்ணுக்கு 1.8, இரு கண்களுக்கும் சேர்த்து 3.6 பட்டக டயாப்டர் ஆகிறது.

இதன் விளைவாக, தொலைவில் உள்ள பொருளைப் பார்க்கும்போது கண்கள் வெளிப்புறமாக விலக வேண்டிய கட்டாயம் ஏற்படுகிறது. அவ்வாறு விலகும் திறன் கண்களுக்கு இயல்பிலேயே குறைவு. தலைவலி, கண் சோர்வு, சிலருக்கு இரட்டைப் பார்வை ஆகியவை தோன்றலாம். சிலிண்டர் பவர் உடையவர்களுக்கு அதன் கோணமும் பொருந்த வேண்டும். ப்ரோக்ரெசிவ் லென்ஸில் மையத்தின் உயரமும் முக்கியம். இவையனைத்தும் மற்றொருவருடைய அளவுகளோடு தற்செயலாக ஒத்துப்போகும் என நம்ப இயலாது.

பிரேமில் உள்ள எண்கள்

பெரும்பாலான பிரேம்களில் காதில் மாட்டும் கம்பியின் உட்புறத்தில் 52, சிறு சதுரக் குறி, 18, 140 என்பது போன்ற எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். 52 என்பது ஒரு லென்ஸின் அகலம். 18 என்பது மூக்கின் மேல் அமையும் பாலத்தின் அகலம். 140 என்பது காதுக்கம்பியின் நீளம். அனைத்தும் மில்லிமீட்டர் கணக்கு.

முதல் இரண்டு எண்களைக் கூட்டுங்கள். 52, 18 சேர்ந்தால் 70. உங்கள் கண்மணித் தூரம் 62 எனில், ஒவ்வொரு லென்ஸின் மையத்தையும் 4 மில்லிமீட்டர் உட்புறமாக நகர்த்தியே பொருத்த வேண்டும். இவ்வேறுபாடு மிகுந்தால், மைனஸ் பவர் அதிகம் உள்ளவர்களுக்கு வெளி ஓரத்தில் லென்ஸ் தடித்துக் கனமாகும். ஆகவே பவர் அதிகம் உள்ளவர்களுக்குச் சிறிய பிரேமே ஏற்றது. இணையத்தில் அணிந்து பார்த்து வாங்க இயலாது என்பதால், இப்போது உங்களுக்கு நன்கு பொருந்தும் கண்ணாடியின் எண்களைக் குறித்து வைத்துக்கொண்டு, அவற்றுக்கு நெருங்கிய அளவுள்ள பிரேமையே தேர்ந்தெடுங்கள். ப்ரோக்ரெசிவ் அணிபவர்கள் லென்ஸின் உயரத்தையும் விற்பவரிடம் கேட்டறிய வேண்டும். உயரம் மிகக் குறைந்த பிரேமில் படிப்பதற்கான பகுதிக்கு இடம் போதாது.

பழைய பிரேமின் உடல்நிலை

விலையுயர்ந்த பிளாஸ்டிக் பிரேம்கள் பெரும்பாலும் செல்லுலோஸ் அசிடேட் என்னும் பொருளால் ஆனவை. அதற்கு நெகிழ்வைத் தருவதற்காகச் சேர்க்கப்படும் பொருள் காலப்போக்கில் வெளியேறுவதால், பழைய பிரேம் வெளுத்து, வறண்டு, எளிதில் முறியும் தன்மையை அடைகிறது. புதிய லென்ஸைப் பொருத்தும்போது பிரேமைச் சற்றுச் சூடாக்கி விரிப்பார்கள். அந்த வேளையில் அது முறியக்கூடும். வாடிக்கையாளர் கொண்டுவரும் பழைய பிரேமுக்குக் கடைக்காரர்கள் பொதுவாகப் பொறுப்பேற்பதில்லை. எனவே விலை மிகுந்த லென்ஸுக்குச் சொல்லும் முன்பு, பிரேம் அதைத் தாங்குமா என்று அவர்களிடமே காட்டிக் கேளுங்கள். கீல், திருகு, பாலம் ஆகிய மூன்று இடங்களின் நெருக்கமான புகைப்படங்களை வாங்குவதற்கு முன்னரே பெற்றுப் பாருங்கள்.

உலோகப் பிரேம்களில் நிக்கல் கலந்திருக்க வாய்ப்புண்டு. கவரிங் நகை, கடிகாரப் பட்டை ஆகியவற்றால் தோலில் அரிப்பு ஏற்படுபவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும். மேற்பூச்சு தேய்ந்த பழைய பிரேமில் உள்ளிருக்கும் உலோகம் தோலை நேரடியாகத் தொடும். அத்தகையோருக்குத் தூய டைட்டானியம் ஏற்றது. ஆனால் வளைத்தாலும் பழைய வடிவுக்கே திரும்பும் "மெமரி மெட்டல்" வகையில் டைட்டானியத்துடன் நிக்கலும் ஏறத்தாழச் சரிபாதி உண்டு என்பதை அறிந்துகொள்ளுங்கள்.

பெயரும் போலியும்

புகழ்பெற்ற ஆடை நிறுவனங்கள் பலவும் பிரேம்களைத் தாமே செய்வதில்லை. சான்றாக, பிராடா, ஷனெல் பெயர்களில் வரும் கண்ணாடிகளை உரிமம் பெற்றுச் செய்வது எசிலோர்லக்ஸோட்டிகா குழுமம். ரே-பான் முன்பு பாஷ் அண்டு லோம் நிறுவனத்திடம் இருந்து, 1999இல் லக்ஸோட்டிகாவின் கைக்கு வந்தது. கம்பியில் உள்ள மாதிரி எண், நிற எண், அளவு ஆகிய மூன்றும் தயாரிப்பாளரின் பட்டியலோடு ஒத்திருக்கின்றனவா என்று பார்ப்பது வாங்குபவர் செய்யக்கூடிய முதல் சோதனை.

போலியால் ஏற்படுவது பண இழப்பு மட்டுமன்று. போலி வெயில் கண்ணாடியில் நிறம் இருக்கும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் ஆற்றல் இல்லாமற்போகலாம். இருண்ட லென்ஸுக்குப் பின்னால் கண்மணி விரிவதால், அக்கதிர்கள் கண்ணுக்குள் செல்ல வழி கூடுகிறது. லென்ஸ் 400 நானோமீட்டர் வரையுள்ள கதிர்களைத் தடுக்கிறதா என்பதைச் சோதிக்கும் கருவி பல கண்ணாடிக் கடைகளில் உள்ளது. சில நொடிகளில் விடை கிடைக்கும்.

சுத்தம் செய்தல்

பழைய பிரேமை வெதுவெதுப்பான நீரிலும் மென்மையான பாத்திரம் கழுவும் திரவத்திலும், மெல்லிய தூரிகை கொண்டு கழுவித் துடைத்தால் போதும். மூக்குத் தாங்கிகளைப் புதிதாக மாற்றிவிடுங்கள். அழுக்கும் பச்சைப் படிவும் சேருமிடம் அதுவே. கொதிநீர் பிரேமின் வடிவத்தைக் கெடுக்கும். நகப்பூச்சு நீக்கியில் உள்ள அசிட்டோன் அசிடேட்டைக் கரைத்துவிடும். ஸ்பிரிட், கைச் சுத்திகரிப்பான் ஆகியவற்றையும் தவிருங்கள்.

சிலருக்குத் தனிக் கவனம்

குழந்தைகள்: பெரியவர்களின் பிரேம் குழந்தையின் மூக்கில் நில்லாமல் சரியும். குழந்தை கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கத் தொடங்கும். சோம்பல் கண்ணுக்குச் சிகிச்சை பெறும் குழந்தை அவ்வாறு பார்த்தால், கண்ணாடி அணிந்தும் பயனில்லை. பார்வை வளர்ச்சி பெறும் அந்த முதல் சில ஆண்டுகள் மீண்டும் வாரா. குழந்தைக்கு அளவான பிரேமையே வாங்குங்கள்.

ஒரு கண்ணில் மட்டுமே நல்ல பார்வை உடையவர்கள்: எஞ்சியுள்ள அக்கண்ணைக் காப்பதே முதன்மை. பழைய வெயில் கண்ணாடிகள் சிலவற்றில் உண்மையான கண்ணாடியே லென்ஸாக இருக்கும். உடைந்தால் துண்டுகள் கண்ணைக் கிழிக்கும். எளிதில் உடையாத பாலிகார்பனேட் லென்ஸைப் பொருத்திய பின்னரே அணியுங்கள்.

அண்மையில் கண்புரை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள்: பவர் நிலைபெறப் பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். பிரேமை முன்னரே வாங்கி வைத்திருந்தாலும், லென்ஸைக் கண் மருத்துவர் சொன்ன பின்பே போடுங்கள்.

விற்பவர்களுக்கு

அளவு எண்கள், மாதிரி எண், கீறல், பழுது ஆகியவற்றை மறைக்காமல் தெரிவியுங்கள். பழைய லென்ஸைக் கழற்றிவிடுவது நல்லது. கழற்றினால் பிரேமுக்குச் சேதம் நேரும் என்றால், "இந்த லென்ஸ் உங்கள் பயன்பாட்டுக்கு அன்று" என்று தெளிவாக எழுதுங்கள். பவர் எழுதிய மருத்துவச் சீட்டைப் புகைப்படமாகப் போடாதீர்கள். அதில் உங்கள் பெயர், வயது, மருத்துவமனைப் பதிவு எண் ஆகியவை இருக்கும்.

வாங்குபவர்கள் செய்ய வேண்டியதை மீண்டும் கூறுகிறோம். முதலில் கண் பரிசோதனை. அதன்பின் அளவு பார்த்துப் பிரேம். பிரேமை முகத்தில் அணிந்த நிலையில் கண்மணித் தூரமும் உயரமும் அளத்தல். இறுதியாகப் புதிய லென்ஸ். கண்ணாடி தயாரானதும் அடுத்த வருகையின்போது உடன் கொண்டுவாருங்கள். பவரும் மையமும் சரியாக உள்ளனவா என்று லென்சோமீட்டரில் சோதித்துச் சொல்ல எங்களுக்குச் சில நிமிடங்களே போதும்.