கணிப்பொறிக்கு வேண்டும் பாட்டரியின் அளவு

பைகாரா நீர்வீழ்ச்சியினின்று 1932-ஆம் ஆண்டில் மின்சாரம் பெறப்பட்டுக் கோவைச் சீமையை வந்தடைந்தபின், இப்பகுதியின் ஆலைத்தொழில் பெரிதும் தழைத்தது. திருப்பூர்ப் பனியன் தொழிலுக்கும் இன்று மின்சாரமே உயிர்நாடியாம். 2012-ஆம் ஆண்டின் கடும் மின்பஞ்சத்தில் நாள்தோறும் பல மணி நேரம் இருளில் கிடந்ததை நம்மவர் மறந்திலர். அத்துணைப் பஞ்சம் இக்காலத்து இல்லையாயினும், பராமரிப்பின் பொருட்டும் கோடைக் காற்றுமழையாலும் மின்சாரம் இடையிடையே நின்றுபோதல் உண்டு. பீஸ் ரேட் கணக்கையும் சரக்குப் பட்டியலையும் வீட்டுக் கணிப்பொறியிலே எழுதும் சிறுதொழிலாளர்க்கும், ஆய்வேடு எழுதும் மாணவர்க்கும் ஒரு நொடி மின்தடை பல மணி நேர உழைப்பை விழுங்கிவிடும். ஆதலின் யூ. பி. எஸ். என்னும் கருவியை நாடுகின்றனர். அதனை எவ்வளவில் வாங்குவது என்பதே ஈண்டு நாம் ஆராய்வது.

கடையில் 600 வி. ஏ., 1000 வி. ஏ. என்று எண்களைக் கூறுவர். எண் பெரிதாயின் நேரமும் நீளும் என்று பலர் எண்ணுகின்றனர். அது பொருந்தாது. தண்ணீர்த் தொட்டியின் கொள்ளளவு வேறு, அதன் குழாயின் அகலம் வேறு அன்றோ? வி. ஏ. என்பது குழாயின் அகலம் போன்றது; ஒரே சமயத்தில் எவ்வளவு பாரத்தைத் தாங்கும் என்பதையே அது காட்டும். எவ்வளவு நேரம் தாங்கும் என்பதோ தொட்டியாகிய பாட்டரியைப் பொறுத்தது.

முதலில் பாரத்தை அளப்போம். மேசைக் கணிப்பொறிக்கு 115 வாட், மானிட்டருக்கு 25, இணைய ரவுட்டருக்கு 10 எனக் கொள்வோமாயின் கூட்டுத்தொகை 150 வாட். சாதாரண 600 வி. ஏ. கருவி 360 வாட் வரையில் தாங்கும். ஆகவே அதுவே போதுமானது. லேசர் அச்சுப்பொறியை மட்டும் இதனோடு இணைத்தலாகாது. அதன் சூடேற்றி பல நூறு வாட்டை ஒருங்கே இழுக்கும்.

இனி நேரத்தைக் காண்போம். இத்தகைய கருவியில் பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பாட்டரி இருக்கும். இரண்டையும் பெருக்க 84 வாட்-மணி வரும். 150 வாட்டுக்கு இது அரை மணிக்கு மேல் வருமென்று கணக்குச் சொல்லும். அனுபவத்தில் கிடைப்பதோ பத்துப் பதினைந்து நிமிஷமே. காரணம் யாதெனில், அந்த 7 என்னும் எண் இருபது மணி நேரம் மெல்ல மெல்ல எடுத்தால் கிடைப்பது. விரைந்து இழுத்தால் ஈயப் பாட்டரி தன் முழு இருப்பையும் ஈவதில்லை. இவ்வுண்மையை 1897-இல் பாய்கர்ட் என்னும் ஜெர்மானியர் வாய்பாடாக வகுத்தார். கருவியினுள்ளும் சிறிது வீணாகும்.

எழுதியதைச் சேமித்துக் கணிப்பொறியை முறைப்படி நிறுத்த இந்நேரம் தாராளம். மின்தடை முழுவதும் வேலை செய்ய விரும்புவோர்க்கோ இன்வெர்ட்டரே தக்கது. 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பாட்டரியில் 1,800 வாட்-மணி அடங்கும்; கழிவு போக 1,000 கிடைப்பதாகக் கொண்டால் ஆறு மணி நேரத்திற்கு மேல் வரும். இரண்டு மின்விசிறிகளும் உடன் ஓடினாலோ மூன்று மணியாகக் குறையும். இன்வெர்ட்டரை யூ. பி. எஸ். நிலையில் வைத்தல் வேண்டும். இன்றேல் மின்சாரம் மாறும் கணத்திலேயே கணிப்பொறி அணைந்துபோகக்கூடும். மடிக்கணினி உடையார்க்கு இச்செலவே வேண்டுவதின்று. அதனுள்ளேயே பாட்டரி உண்டு.

பாட்டரிக்கு வெப்பம் பகையாம். 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு பத்துப் பாகை ஏற்றத்திற்கும் அதன் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும். தகரக் கூரையின்கீழ் வைப்போர் இதனை நினைவிற் கொள்க.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் மொழி. பாரம் எத்தனை வாட், வேண்டும் நேரம் எத்தனை நிமிஷம் என்னும் இரண்டையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டு கடைக்குச் செல்வோர், வேண்டாத பெருமைக்குப் பணம் இறையார். வேண்டும் பொழுது கருவி கைவிட்டதென்று வருந்தவும் மாட்டார்.