லினக்ஸ் மென்பொருட் களஞ்சியங்கள்

உபுண்டு போன்ற லினக்ஸ் பணிசெயல் முறைமைகளுக்கான மென்பொருட்கள், பொதிகளாக இணையக் களஞ்சியங்களில் வைக்கப்பட்டுள்ளன. 1999இல் வெளியான டெபியன் 2.1 உடன் வழங்கப்பட்ட ஏப்ட் எனும் கருவியே இன்றும் அவற்றை முகாமை செய்கின்றது. அதன் மூன்று கட்டளைகளை நினைவிற் கொள்க.

1. அப்டேட் – பொதிப் பட்டியலை மாத்திரம் புதுப்பிக்கும்.
2. அப்கிரேட் – நிறுவப்பட்ட பொதிகளைப் புதிய பதிப்புக்கு உயர்த்தும்.
3. இன்ஸ்டோல் – கேட்ட பொதியையும் அதற்குத் தேவையான ஏனைய பொதிகளையும் நிறுவும்.

"அப்டேட் மென்பொருளைப் புதுப்பிக்கும்" என விடையளிப்பது தவறாகும்.

கனமூலையில் கைத்தொலைபேசி இணைப்பைக் கொண்டு பயிலும் மாணவர், அப்கிரேட் செய்கையில் திரையில் தோன்றும் பதிவிறக்க அளவைப் பார்த்த பின்னரே சம்மதம் அளித்தல் வேண்டும்.

களஞ்சியத்தின் இலக்கமுறைக் கையொப்பத்தைச் சரிபார்க்க முடியாவிடின் ஏப்ட் எச்சரிக்கும். அதனைப் புறக்கணிக்க வேண்டாம். ஏனெனில், நிறுவப்படும்போது பொதிக்கு நிர்வாகியின் முழு அதிகாரமும் கிடைக்கின்றது.