சாண எரிவாயுவைச் சமையலறைக்குக் கொண்டுசெல்லும் குழாய்

சாண எரிவாயுக் கலம் கட்டி முடிந்ததும் வேலை நிறைவேறிவிட்டதாகக் கருதுவது வழக்கமாயிருக்கிறது. கலத்துக்குக் காட்டும் கவனத்திற் பாதியும் அடுப்பு வரை செல்லும் குழாய்க்குக் கிடைப்பதில்லை. அடுப்பு சரிவர எரியவில்லை என்ற முறையீடு வருமிடத்து, சாணக் கரைசலைக் குறை கூறுமுன் குழாயில் நீர் தேங்கியுள்ளதா என்று பார்த்தல் வேண்டும்.

கலத்தில் உண்டாகும் வாயுவில் ஏறத்தாழ 60 சதவீதம் மீதேன். எஞ்சியதிற் பெரும்பகுதி கரியமில வாயு. இவற்றுடன் நீராவியும் செறிந்திருக்கும். 35 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் ஒரு கன மீட்டர் வாயு சுமார் 40 கிராம் நீராவியைத் தாங்கும். 25 டிகிரியில் 23 கிராமே தாங்கும். எனவே, நாள்தோறும் 2 கன மீட்டர் வாயு குழாயில் இவ்வாறு குளிருமாயின், இரு வாரங்களில் அரை லிட்டர் நீர் சேர்ந்துவிடும். மிதக்கும் உருளையுடைய கலத்தில் வாயுவின் அழுத்தமோ சுமார் 10 சென்டிமீட்டர் உயரமுள்ள நீர்த்தம்பத்துக்கே சமமாகும். குழாய் அதற்கு மேல் ஆழமாகத் தொய்ந்து அவ்விடத்தில் நீர் நிரம்பினால், வாயு அறவே நின்றுவிடும். தொய்வு சிறிதாயின் சுடர் துள்ளித் துள்ளி எரியும்.

இதற்குப் பரிகாரம் சரிவே, அதற்குச் செலவில்லை. மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் வீதம் கலத்தை நோக்கிக் குழாய் சரிந்திருந்தால் நீர் தானே திரும்பி வடியும். நிலம் இடந்தராவிடில், மிகத் தாழ்ந்த இடத்தில் 'டி' வடிவ இணைப்பொன்றை அமைத்து, அதன் கீழ்வாயைத் திருகுமூடியால் அடைத்தல் வேண்டும்.

சிக்கனம் செய்ய விரும்புவோர் குழாயின் நீளத்தைக் குறைக்கலாம், விட்டத்தைக் குறைத்தலாகாது. உள்விட்டம் பாதியானால், அதே அளவு வாயு செல்வதற்குப் பதினாறு மடங்குக்குக் குறையாத அழுத்தம் வேண்டும். ஆகவே, குடிநீர்க் கிணற்றிலிருந்து 15 மீட்டரேனும் விலகியும், சமையலறைக்கு இயன்றவரை அணித்தாகவும் கலத்துக்கு இடந்தேர்தல் நன்று. மலிவாகக் கிடைக்கிறதென்று சமையல் எரிவாயு சிலிண்டருக்குரிய பழைய அடுப்பை வாங்குதலும் வீண். அதன் துளை இவ்வாயுவுக்குப் போதாது. பிளாஸ்டிக் குழாய் வெயிலில் நலியுமாதலால் அதனை மண்ணுள் புதைத்தல் வேண்டும். வெளியே தெரியும் பகுதிக்குத் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயே ஏற்றது.

இணைப்புகளைச் சோதிக்கத் தீக்குச்சி கிழிப்பது பெருந்தவறு. சோப்பு நீரைத் தடவினால், கசியுமிடத்தில் குமிழி எழும். பள்ளி ஆய்வுக்கூடத்தில் உள்ள வளைந்த கண்ணாடிக் குழாயில் நீரூற்றி, அதன் ஒரு வாயை அடுப்பின் முனையில் பொருத்தி, வாயுவைச் செலுத்தியபின் கலத்தின் வால்வை அடைத்துவிட்டால், நீர்மட்ட வேறுபாடு குறைவதைக் கொண்டும் கசிவை அறியலாம். வெயிலேறுமுன் இதனைச் செய்க. வெப்பம் மாறினால் வாயுவின் அழுத்தமும் மாறும்.

புதிய கலத்தில் முதன்முதல் சேரும் வாயுவைக் கொளுத்தாமல் திறந்தவெளியில் விட்டுவிடுதல் வேண்டும். அதில் காற்று கலந்திருக்கும். காற்றில் மீதேன் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருப்பின் அக்கலவை வெடிக்கக்கூடியது.

திருகுமூடியைத் திறக்கும் முறையை, அடுப்பில் சமைப்பவருக்கே நேரிற் செய்துகாட்டிக் கற்பித்தல் வேண்டும். கலத்தின் வால்வை முதலில் அடைத்து, அருகில் விளக்கோ சுருட்டோ இல்லையெனக் கண்டபின், மூடியைக் கழற்றி நீரை வடித்து, மீண்டும் இறுக மூடி, அதன்பின்னரே வால்வைத் திறத்தல் வேண்டும்.